கண் சிவந்தால் நல்லது!

என் தம்பி கல்யாண ஆல்பத்தில் ஒரு ஃபோட்டோ உண்டு. பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாயசம் வந்து விழுகிற நேரம் பார்த்து, தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்க்கிறார் சம்பந்தி வீட்டுச் சித்தப்பா. இரண்டு கண்ணும் செக்கச் செவேல். சாதாரண சிவப்பு இல்லை. வேட்டைக்குக் கிளம்பிய ஐயனார் சிவப்பு.

கல்யாணம் நடந்தது 1994 செப்டம்பரில், கும்பகோணத்தில். பிரிண்ட் வந்த அன்றைக்கு எங்கள் அத்தை ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, அந்தப் பக்கத்தில் நின்று, மூக்கின் மேல் விரலை வைத்தாள். "பகல்லயேவா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். போதாதா? அன்றிலிருந்து முப்பது வருஷம், அந்த மனிதர் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவோம். ஒரு தடவைகூட வாசனை வந்ததில்லை. "பாக்கு போட்டு மறைச்சுடறார்" என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்.

அந்த ஃபோட்டோவை எடுத்த மகானுபாவன் நான்தான். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய உள்ளங்கை அகல ஆட்டோமேடிக் கேமரா. "பட்டனை மட்டும் அமுக்குங்க சார், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்" என்று சொல்லி விற்றான். பார்த்துக்கொண்டது.

2024-ல் தம்பிக்கு முப்பதாவது கல்யாண நாள் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவன் மகள் ஒரு திட்டம் போட்டாள். சின்ன ஹால் பிடித்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பழைய ஃபோட்டோக்களையெல்லாம் திரையில் ஓடவிட வேண்டும். கடைசியில் அவளுடைய குழந்தையின் முதல் பிறந்த நாள் ஃபோட்டோ. தாத்தா பாட்டி அதைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும். சுபம்.

"பெரியப்பா, நீங்க ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க? ஸ்கேன் பண்ணி, கொஞ்சம் க்ளீன் பண்ணிக் குடுத்துடுங்களேன்."

முப்பத்தாறு வருஷம் பேங்கில் லெட்ஜரும் கம்ப்யூட்டருமாகக் குப்பை கொட்டியவனைப் பார்த்து 'சும்மா இருக்கீங்க' என்றால் ரோஷம் வருமா, வராதா? வந்தது. ஒப்புக்கொண்டேன்.

மொத்தம் 212 ஃபோட்டோ. அதில் கண் சிவந்தவை 41. இதில் வேடிக்கை என்னவென்றால், கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர் எடுத்த ஒன்றில்கூட யாருக்கும் கண் சிவக்கவில்லை. நாற்பத்தொன்றும் என் கைவண்ணம். மாப்பிள்ளைக்குக் கண் சிவப்பு, நாத்தனாருக்குச் சிவப்பு, நாதஸ்வரக்காரருக்குச் சிவப்பு. மொத்தத்தில் ஒரு பேய்ப் படம் எடுக்கிற அளவுக்கு ஆள் சேர்த்திருந்தேன்.

ஏன் அப்படி? கண்ணுக்கு நடுவில் இருக்கும் கறுப்புப் பொட்டு உண்மையில் பொட்டே இல்லை. ஓட்டை. அதைத்தான் கண்மணி என்று கொஞ்சுகிறோம். நல்ல வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். இருட்டில் 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். இருட்டு அறையில் எல்லோருடைய ஜன்னலும் விரியத் திறந்திருக்கும்போது நான் ஃப்ளாஷ் அடிக்கிறேன். அது மின்னி அணைய செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்மணி, 'ஐயோ வெளிச்சம்!' என்று சுதாரித்துச் சுருங்க ஆரம்பிப்பதற்கே செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் திருடன் வந்து போயாச்சு.

உள்ளே போன வெளிச்சம் கண்ணின் பின்சுவரில் முட்டுகிறது. அங்கே விழித்திரை, அதற்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் அடை அடையாய் அப்பிய ஒரு படலம். ரத்தத்தின் சிவப்பைப் பூசிக்கொண்டு வெளிச்சம் போன வழியே திரும்பி வருகிறது. போன வழி என்பதுதான் முக்கியம். உள்ளங்கைக் கேமராவில் ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டுக் குடித்தனம். எனவே திரும்பி வரும் சிவப்பு நேரே லென்சில் வந்து விழுகிறது. ஸ்டூடியோக்காரர் ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து தள்ளி, உதவிப் பையன் கையில் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தார். வெளிச்சம் திரும்பிய வழி ஒன்று, கேமரா நின்ற இடம் வேறு. அவ்வளவுதான் தொழில் ரகசியம். (நம் ஊர்க் கண்களில் கருமை நிறமி அதிகம், வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் குறைவாகவே சிவக்கும். அப்படியும் நான் நாற்பத்தொன்று தேற்றியிருக்கிறேன்.)

சித்தப்பாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 800 சதவிகிதம். சிவந்திருந்தது கண்மணி மட்டும்தான். சுற்றியிருந்த வெள்ளை விழி, இட்லி மாதிரி அப்பழுக்கில்லாத வெள்ளை. குடித்தவனுக்குச் சிவப்பது அந்த வெள்ளைப் பகுதிதான். கண்மணி அவன் குடித்தாலும் கறுப்பு, குடிக்காவிட்டாலும் கறுப்பு. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் பந்தி நடுவில் கரெண்ட் போய்விட்டது. டைனிங் ஹால் இருட்டில் எல்லோருடைய கண்மணியும் தோசைக்கல் சைஸுக்கு விரிந்திருக்கும். என் கேமராவை நேருக்கு நேர் பார்த்த அப்பாவி அவர் ஒருவர்தான்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள்.

"அப்ப அந்த மனுஷன் குடிக்கவே இல்லியா?"

"இல்லை."

"முப்பது வருஷமா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அத்தை காலமாகிப் பதினோரு வருஷம். அப்பீலுக்கும் வழி இல்லை.

*

சிவப்பை நீக்குவதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இதற்கென்றே பிரிண்டின் மேல் தொட்டு வைக்கிற மாதிரி சாயப் பேனா இருந்தது. நமக்கு அது எங்கே கிடைத்தது? என் மனைவி தன் தங்கை ஃபோட்டோவில் கண் மையைத் தீக்குச்சியில் தொட்டு வைத்தாள். தங்கைக்குத் துரியோதனன் களை வந்துவிட்டது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். முதலில் சோம்பேறித்தனமாக, 'ஒரே க்ளிக்கில் எல்லாச் சிவப்பும் போகும்' என்று மார்தட்டிய தானியங்கி மென்பொருள் ஒன்றில் மொத்த ஆல்பத்தையும் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கண் சிவப்பு முக்கால்வாசி போயிருந்தது. கூடவே மணப்பெண்ணின் நெற்றிக் குங்குமமும் போயிருந்தது! கன்னங்கரேல் என்று ஒரு பொட்டு. இரண்டு மாமிகளின் சிவப்புக்கல் மூக்குத்தி கரித்துண்டு. பாவம், அதற்கு என்ன தெரியும்? முகத்தில் வட்டமாய்ச் சிவப்பாய் எது இருந்தாலும் கண் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கும்பகோணத்து மாமிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கையால் செய்ய உட்கார்ந்தேன். ஃபோட்டோஷாப்பில் 2005-ல் வந்த சி.எஸ்.2 பதிப்பிலிருந்து ரெட் ஐ டூல் என்றே ஒன்று இருக்கிறது. கண்மணியில் வைத்து ஒரு தட்டு. கண்மணி எவ்வளவு பெரியது, எவ்வளவு கறுப்பாக்கலாம் என்று இரண்டு அளவுகள், இரண்டும் ஐம்பதில் நிற்கும். காசு செலவழிக்க மனசில்லாத என் போன்றவர்களுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் கண்ணை மட்டும் வட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஃபில்டர்ஸ், அதற்குள் என்ஹான்ஸ், அதற்குள் ரெட் ஐ ரிமூவல். வட்டம் போட மறந்தால் குங்குமம் கோவிந்தா.

இவையெல்லாம் உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டபோது எனக்குப் பேங்க் ஞாபகம் வந்துவிட்டது. டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று கணக்கு: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை பாக்கி இருக்கலாம். சிவந்த கண்மணியில் பார்த்தால் சிவப்புக் கணக்கில் 190, பச்சையில் 40, நீலத்தில் 44 என்கிற மாதிரி இருக்கும். தப்பு நடந்திருப்பது சிவப்புக் கணக்கில் மட்டும்தான். மற்ற இரண்டும் யோக்கியமான கணக்கு. ஆகவே 190-ஐ அடித்துவிட்டு, பச்சைக்கும் நீலத்துக்கும் சராசரி எடுத்து 42 என்று எழுதிவிட்டால் மூன்றும் ஏறக்குறைய சமம். மூன்றும் சமமென்றால் சாம்பல். இத்தனை குறைந்த எண்ணென்றால் கறுப்புக்குப் பக்கம். கண்மணி கறுத்துவிட்டது!

இந்த முறையில் ஒரு போனஸ் உண்டு. கண்ணுக்குள் ஃப்ளாஷின் பிம்பமாய் ஒரு வெள்ளைத் துளி மின்னுமே, அங்கே மூன்று கணக்கிலுமே பாக்கி அதிகம் என்பதால் அது அப்படியே தங்கிவிடும். பிரஷ்ஷை எடுத்துக் கறுப்பை அப்பினீர்களோ, அந்தத் துளி போய்விடும். ஆள் ஜவுளிக்கடை பொம்மையாகிவிடுவார். உயிர் இருப்பது அந்தத் துளியில்தான். நாலாவது நாள், நான் செய்த கண்களைப் பார்த்து நானே மயங்க ஆரம்பித்தேன். நாதஸ்வரக்காரர் சாந்தசொரூபியாகிவிட்டார். துரியோதனத் தங்கையைக்கூட மீட்டுவிட்டேன்.

கலைஞனுக்குக் கர்வம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன்.

*

ஜூன் மாதம் தம்பி மகள் குழந்தையின் பிறந்த நாள் ஃபோட்டோக்களை அனுப்பினாள். செல்ஃபோன் படம் இல்லை. அவள் வீட்டுக்காரர் எங்கேயோ தேடிப் பிடித்து, 2000-களில் வந்த பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். இளசுகளுக்கு இப்போது அதில் ஒரு மோகம். நாம் எதையெல்லாம் பரணில் போட்டோமோ, அதையெல்லாம் அவர்கள் பணம் கொடுத்து இறக்குகிறார்கள். உள்ளங்கைக் கேமரா, ஒட்டுக் குடித்தன ஃப்ளாஷ், அதே சிவப்பு!

ஸ்லைடு ஷோவின் கடைசிப் படம் என்று அவள் குறித்து அனுப்பியதில், குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கேக்கைப் பிசைந்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். முன்பக்கம் ரெண்டே ரெண்டு பல். இடது கண் வழக்கம்போல் சிவப்பு. டூலை வைத்துத் தட்டினேன், போயிற்று. வலது கண்ணில் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஏனென்றால் அது சிவப்பாக இல்லை. வெளிறிய வெள்ளை, லேசான மஞ்சள். ராத்திரி ரோட்டில் கார் வெளிச்சம் பட்ட பூனைக் கண் மாதிரி.

டூல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. 'இது சிவப்பு இல்லை, என் இலாகா இல்லை' என்று ஒதுங்கிக்கொண்டது. நான்தான் விடவில்லை. சரிசெய்த இடது கண்மணியை அப்படியே நகல் எடுத்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி, வலது கண்ணில் உட்காரவைத்து, ஓரத்தை மழுக்கி, மின்னும் துளியை ஒரு இம்மி நகர்த்தி… முக்கால் மணி நேரம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பினேன். ஒன்பது இதயங்கள் போட்டுப் பதில் வந்தது. 'பெரியப்பா, செம்ம!'

இது நடந்து மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன் வந்தான். அவனை உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். வேறு யார் கேட்பார்கள்? கண்மணி ஓட்டை, பின்சுவர் ரத்தம், போன வழியே திரும்பும் வெளிச்சம். 1851-க்கு முன்னால் உயிரோடிருக்கும் மனிதனின் கண்ணுக்குள் இருப்பதை டாக்டர்களால் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் எட்டிப் பார்க்கிற டாக்டரின் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, பார்க்கிற வழியிலேயே வெளிச்சத்தையும் அனுப்புகிற மாதிரி கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து ஒரு கருவி செய்தார். கண் டாக்டர்கள் கையில் இருப்பது அதன் வாரிசுதான். தாத்தாவின் பர்மா பஜார் கேமரா தெரியாத்தனமாகச் செய்ததும் அதே வேலைதான் என்று வெளுத்து வாங்கினேன். உதாரணத்துக்குக் குழந்தையின் ஒரிஜினல் படத்தைத் திறந்து காட்டினேன்.

"ஆக, சிவப்புன்னா என்ன? உள்ளே இருக்கற ரத்தத்தோட நிறம். கண்ணு வழி க்ளியரா இருக்குன்னு அர்த்தம்."

பையன் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இந்தக் கண்ணுல ஏன் தாத்தா வெள்ளையா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது.

*

அவனை அனுப்பிவிட்டுத் தேடினேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து பேய்லர் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷா என்று ஒரு வேதியியல் பேராசிரியர். 2008-ல் அவருடைய கைக்குழந்தைக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று கண்டுபிடித்தார்கள். விழித்திரையில் வரும் புற்றுநோய்; பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு வருவது. ஃபோட்டோக்களில் கண் வெள்ளையாகத் தெரிகிறதே என்று கவனித்தது தாய். குழந்தை பிழைத்தது, ஒரு கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த அப்பா, குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தார். பிறந்த பன்னிரண்டாம் நாள் படத்திலேயே அந்த வெள்ளை இருந்தது.

மனிதர் அழுதுவிட்டு உட்காரவில்லை. கம்ப்யூட்டர் பேராசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு, குழந்தைகளின் படங்களில் வெள்ளைக் கண்ணைத் தேடும் செயலி ஒன்றை 2014-ல் இலவசமாக வெளியிட்டார். 2019-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 40 குழந்தைகள், 50,000-க்கும் மேற்பட்ட வீட்டு ஃபோட்டோக்கள். கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருக்கு, டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பே, சராசரியாக ஒரு வருஷத்துக்கும் மேல் முன்பே, ஆல்பத்தில் வெள்ளை வந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் கவனிக்கவாவது இல்லை. நான் கவனித்து, முக்கால் மணி நேரம் செலவழித்து, அழித்தேன்.

இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. வெள்ளைக்கு வேறு காரணங்களும் உண்டு: பிறவிக் கண்புரை, மாறுகண், விழித்திரைக் கோளாறுகள். ஒன்றுமே இல்லாமலும் வரும். குழந்தை கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கும்போது வெளிச்சம் பார்வை நரம்பு கிளம்புகிற இடத்தில் பட்டால், அது வெளிர் நிறம் என்பதால் நல்ல கண்ணும் வெள்ளையாகத் தெரியும். இத்தனையும் படித்தேன். ஆனால் குழந்தை பக்கவாட்டில் பார்க்கவில்லையே. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி ஒன்பது மணி. ஃபோனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். என்னவென்று சொல்வது? 'அம்மாடி, உன் குழந்தை கண்ணில் ஒரு விஷயம்' என்றா? ஒன்றுமில்லாமல் போனால்? பெற்றவள் வயிற்றில் புளியைக் கரைத்த பாவம் எனக்கு. விசாரித்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஃபோனைக் குடுங்க" என்று வாங்கி அவளே டயல் செய்து, மணி அடித்ததும் என் கையில் கொடுத்தாள்.

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பெரியப்பா… நீங்க சரி பண்ணி அனுப்பின ஃபோட்டோல நல்லாத்தானே இருந்தது?"

அன்றைக்குக் கேட்டதைவிட இன்றைக்கு அதிகம் வலிக்கிறது அந்தக் கேள்வி.

*

திங்கட்கிழமை காலை சென்னையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. அவர்கள் பெங்களூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்திருந்தார்கள். நான் லேப்டாப்போடு. டாக்டரம்மா ஒரிஜினலைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி எடுத்த படங்கள் இருக்கா? ஃப்ளாஷ் போட்டது, கை வைக்காதது."

தம்பி மகள் முகம் வெளுத்துவிட்டது. நான் திருத்தி அனுப்பியவற்றை வைத்துக்கொண்டு, கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்திருந்தாள். ஆனால் பேங்க்காரன் புத்தி என்று ஒன்று உண்டு. லெட்ஜரில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. பழைய எண் தெரிகிற மாதிரி கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அவள் எனக்கு அனுப்பியதையெல்லாம் நான் நகலெடுத்துத்தான் திருத்தியிருந்தேன். பிறந்ததிலிருந்து அத்தனையும் இருந்தது. நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

உட்கார்ந்து பார்த்தோம். செல்ஃபோனில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தவற்றில் எதுவும் தெரியவில்லை. அந்தப் பழைய கேமராவில், ஃப்ளாஷில் எடுத்த பதினேழில் நான்கில், அதே வலது கண் வெளிறியிருந்தது. முதல் படம் பிப்ரவரி.

கண்ணில் மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து, ஸ்கேன் எடுத்து… இரண்டரை மணி நேரம். தம்பி வாசலில் நடந்துகொண்டே இருந்தான். என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டாக்டரம்மா வெளியே வந்து முதலில் சொன்னது, "கட்டி இல்லை." அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் ஒரு நிமிஷம் யாருக்கும் காதில் விழவில்லை. கண்புரை. குழந்தைக்கும் புரை வரும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிழவர்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்திருக்கிறது. விட்டிருந்தால் மங்கின கண்ணை மூளை கைவிட்டுவிடும். பிறகு புரையை எடுத்தாலும் பார்வை பழகாது என்றார். குழந்தைகளுக்கு இதில் ஒவ்வொரு மாதமும் கணக்காம். நான் மூன்று வாரத்தை நினைத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு ஃபோட்டோவைப் பார்த்துப் பதற வேண்டாம்" என்றும் சொன்னார். "ஆனா திரும்பத் திரும்ப அதே கண்ணு வெள்ளையா வந்தா, வீட்ல யோசிச்சிட்டு இருக்காதீங்க. கூட்டிட்டு வந்துடுங்க. பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னு அனுப்பினா எங்களுக்கும் சந்தோஷம்தான்."

ஜூலையில் ஆபரேஷன். அதன் பிறகு குட்டி மூக்கில் ஒரு குட்டிக் கண்ணாடி. தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூட வேண்டும். ஏன் நல்ல கண்ணை என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ஆபீஸில் ஒருத்தன் எல்லா ஃபைலையும் பார்த்தால் பக்கத்து சீட்காரன் தூங்குவான் இல்லையா? வேலைக்காரனை லீவில் அனுப்பினால்தான் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது போகப் போகத்தான் தெரியுமாம். இப்போதைக்கு அவள் அந்த ஒட்டைப் பிய்த்து என் கண்ணில் ஒட்டிவிட்டுக் கைதட்டுகிறாள். குறி தவறுவதில்லை.

செப்டம்பரில் விழா. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதே கேமராவில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள் தம்பி மகள். கீழே ஒரு வரி: 'பெரியப்பா, இதுல மட்டும் கை வெக்காதீங்க.'

வைக்கவில்லை. திரையில் முப்பது வருஷம் ஓடி முடிந்து, கடைசிப் படம் வந்தது. ரெண்டு கண்ணும் செக்கச் செவேல். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். விஷயம் தெரியாத உறவினர்கள் என் பக்கம் திரும்பி, 'கடைசிப் படத்தில் கோட்டை விட்டுட்டீரே' என்பதுபோல் பார்த்தார்கள்.

முன்வரிசையில் சம்பந்தி வீட்டுச் சித்தப்பா. வயது எழுபத்தெட்டு. மாலையில்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, முப்பது வருஷ வழக்கை வாபஸ் வாங்கியிருந்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"பார்த்து தம்பி. உங்க வீட்டாளுங்க புள்ளைக்கும் வாசனை புடிக்கப் போறாங்க!"